முதல் வெள்ளியும் பிரிக்காத உறையும்

அன்புள்ள அருளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ மஸ்கட்டிலிருந்து பேசியபோது ஜெசிந்தா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளுடைய கேக்குக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தேன். கேக் வியாபாரத்துக்கு ஒரு வெப்சைட் தொடங்கப் போவதாகவும், முதல் தடவை என்பதால் இலவசமாக இடம் தருகிறவர்களிடம் வைத்துப் பார்க்கலாமா, எது நல்லது என்றும் அவள் உன்னைக் கேட்டாள். நீ யோசிக்கவே இல்லை. "ஓசி இடமே வேணாம் ஜெசி. இன்னிக்குக் குடுப்பான், நாளைக்குச் சொல்லாம கொள்ளாம அழிச்சிடுவான். என் கதைய அம்மாவைக் கேளு, அவங்களே சொல்லுவாங்க" என்றாய். போனை வைத்ததும் உன் மனைவி என்னைப் பார்த்தாள். "என்ன அத்தை அது?" என்றாள். நான் முந்திரியிலிருந்து கண்ணை எடுக்காமல் வழக்கமான கதையைச் சொன்னேன். இலவசமாக இடம் கொடுத்த நிறுவனம் உன்னை ஏமாற்றிவிட்டது என்று. பதின்மூன்று வருடமாகச் சொல்லிப் பழகிய கதை, எங்கேயும் தடுமாறவில்லை.

அது பொய், அருள். அந்த நிறுவனம் உன்னை ஏமாற்றவில்லை. ஏமாற்றியது நான்.

இந்தக் கடிதத்தின் ஒரு படியை நம் கோயில் பங்கு மாத இதழுக்கும் கொடுக்கப் போகிறேன். நீ படித்து இரண்டு வாரம் கழித்துத்தான் அது அச்சாகும். ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று நீ கேட்பாய். பொய்யை ஊருக்குத்தான் சொன்னேன். அன்னையர் சங்கக் கூட்டத்தில் எத்தனையோ தாய்மார்களிடம், "இலவசத்தை நம்பாதீங்க, என் பையனுக்கு நடந்ததைப் பாருங்க" என்று புத்தி சொல்லியிருக்கிறேன். அதைத் தனி அறையில் திருத்திக்கொள்ள முடியாது.

உன் முதல் வெப்சைட் உனக்கு நினைவிருக்கும். எனக்கு உன்னைவிட நன்றாக நினைவிருக்கிறது. அப்பா இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் குடமுருட்டியில் மணல் தெரிந்த காலம். குறுவையும் போய், சம்பாவும் போய், நம் நிலம் தரிசாகக் கிடந்தது. நீ பி.எஸ்சி. முடித்து, தஞ்சாவூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, திருக்காட்டுப்பள்ளியிலிருந்து புறப்படுகிற பேருந்துகளின் நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு திரிந்தாய். தஞ்சாவூர், திருவையாறு, பூண்டி, கல்லணை வழியாகத் திருச்சி என்று ஒவ்வொன்றாக. திருச்சி ஏர்போர்ட்டில் வந்து இறங்குகிறவர்கள் வெளிநாட்டிலிருந்தே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றாய். "பஸ் நேரம் எழுதவா உங்கப்பா உன்னை பி.எஸ்சி. படிக்க வச்சாரு?" என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். "நேரம் எழுதுறது பெரிசில்லம்மா, அதை உலகம் பாக்குற மாதிரி வைக்கிறதுதான் படிப்பு" என்றாய். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்ததால் ஊர்ப் பெயர்களை என்னை வெள்ளைத் தாளில் மசியால் எழுதச் சொல்லி, அதைப் படமாக எடுத்துப் போட்டாய். என் கையெழுத்து அழகானது என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் சிறு வயதிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உலகம் பார்க்கும் இடத்தில் அதை வைத்தது நீ ஒருவன்தான். அந்தப் பெருமையை நான் உன்னிடம் காட்டவில்லை. 'கல்லணை'யில் மசி கொஞ்சம் பரவியிருக்கிறது, மாற்று என்று மட்டும் சொன்னேன்.

பிறகு உனக்கு மஸ்கட் விசா வந்தது. கிடங்கில் சரக்கு எண்ணி வைக்கிற வேலை. ஊருக்கு வெளியே கேம்ப், அங்கே கம்ப்யூட்டர் கிடையாது என்று ஏஜெண்ட் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் உன் மனம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே உன் சிநேகிதன் வேலை பார்த்த கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாய். அவர்கள் ஆள் எடுக்க நான்கைந்து மாதம் ஆகும், எடுக்கும்போது முதலில் உன் வெப்சைட்டைத்தான் திறந்து பார்ப்பார்கள், அதுவரை அது உயிரோடு இருக்க வேண்டும் என்றாய். இலவச இடத்துக்கு ஒரு விதி இருந்தது. அறுபது நாள் யாரும் உள்ளே போய்ப் பார்க்காவிட்டால் ஆளில்லாத இடம் என்று எடுத்துவிடுவார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் ஒட்டிய உறை ஒன்றை என் கையில் கொடுத்தாய். "அம்மா, நீங்க எந்த மாசமும் முதல் வெள்ளி பூசை தவறினதில்ல. கோயிலுக்குப் போற வழியிலதானே ப்ரௌசிங் சென்டர் இருக்கு. மாசம் ஒரு தடவை, அஞ்சு நிமிஷம் உள்ள போனாப் போதும். எப்படின்னும், உள்ள போற பாஸ்வேர்டும் இதுல எழுதியிருக்கேன். கடைக்குப் போய்ப் பிரிங்க" என்றாய். நான் தலையசைத்தேன். நீ எனக்குச் சொன்ன வேலை மொத்தமும் அவ்வளவுதான்.

அந்தக் கடையை நடத்தியது ரஹ்மத். துபாயிலிருந்த அவள் தகப்பனார் மகளுக்கென்று நான்கு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு வைத்துக் கொடுத்த கடை. அவளுக்குப் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் படிப்பித்தவள் நான். படிப்பித்தேன் என்று சொல்வதே அதிகம். அவள் ஒரு பத்தி வாசிப்பதற்குள் பத்து தடவை நிறுத்துவேன். மணி அடித்து ஒரு நிமிடம் கழித்து வந்தாலும் வெளியே நிற்க வைப்பேன். ஒரு நாள் வகுப்பு முழுவதும் கேட்க, "உனக்கு இங்கிலீஷும் வராது, அதை வச்சுப் பிழைக்கிற பிழைப்பும் வராது" என்று சொன்னேன். அந்த இங்கிலீஷை வைத்துத்தான் அவள் கடை நடத்தினாள். வெளிநாட்டிலிருக்கிற புருஷன்மார்களுக்கு ஊர்ப் பெண்கள் சொல்லச் சொல்ல ஈமெயில் அடித்துக் கொடுத்தாள்.

நீ போன பிறகு வந்த முதல் வெள்ளியன்று நான் உள்ளே போனேன். அந்த ஒரு தடவை போனது உண்மை. செருப்பை வெளியே விடுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் நின்றேன். "வாங்க டீச்சர், வாங்க. உக்காருங்க, நான் சொல்லித்தர்றேன்" என்றாள் ரஹ்மத். வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ. சொல்லித்தருகிறாளாம், எனக்கு. நாற்காலியில் உட்கார்ந்தேன். மேசைமேல் இருந்த மவுசைக் கையில் தூக்கி, டி.வி. ரிமோட்டைப் பிடிப்பதுபோல் திரைக்கு நேராகப் பிடித்தேன். பக்கத்துத் தடுப்பில் இரண்டு காலேஜ் பையன்கள் இருந்தார்கள். ஒருவன் மற்றவனிடம், "டேய், சேனல் மாத்துறாங்கடா" என்றான். ரஹ்மத் அவர்களை அதட்டிவிட்டு என்னிடம் மெதுவாக, "தூக்கக் கூடாது டீச்சர். மேசையிலயே வச்சு நகத்துங்க" என்றாள். எனக்குக் காது வரை சூடேறிவிட்டது. "பூசைக்கு நேரமாச்சு, அப்புறம் வர்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். உறை கைப்பையிலேயே இருந்தது. பிரிக்கவே இல்லை.

அடுத்த முதல் வெள்ளியும் அந்தத் தெரு வழியாகத்தான் போனேன், எதிர்வாடையில். வெயில் மறுபக்கம் அடிக்க, கடை இருக்கிற பக்கமாகக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனேன். ரஹ்மத் படிக்கு வந்து, "டீச்சர், கவர் கொண்டாந்தீங்களா?" என்று கூப்பிட்டாள். அதற்கடுத்த மாதமும் அதே கேள்வி. ஹோம்வொர்க் கொண்டுவந்தாயா என்று நான் அவளைக் கேட்டதையே எனக்குத் திருப்பிப் படிக்கிறாள் என்று நினைத்தேன். காது கேளாதவள்போல நடந்தேன். கோயிலுக்குப் போய் நன்மை அப்பம் வாங்கினேன். நீ போனில், "போனீங்களாம்மா?" என்று கேட்டபோதெல்லாம், "போனேன்" என்றேன். நான்கு முறை கேட்டாய், நான்கு முறையும் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னேன் என்று சொல்லி, சாமியார் எத்தனை தடவை என்று கேட்டதற்கு நான்கு என்று எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னேன். யாரிடம், எதற்காக என்று மட்டும் சொல்லவில்லை. நான் காட்டிய நேர்மை அந்த எண்ணிக்கை ஒன்றுதான். உன் அப்பா உயிரோடு இருந்தவரை ஒன்று சொல்லுவார், "உனக்கு அடுத்தவங்க தப்பு கண்ணுல விழுந்துடும், உன் தப்பு வாயில வராது" என்று. அவர் கேலியாகச் சொன்னதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் சிங்கப்பூர்க் கம்பெனி உன் சிநேகிதனிடம், நீங்கள் கொடுத்த முகவரியில் ஒன்றுமே இல்லையே, ஆளுக்கு வேலை தெரியுமா என்று கேட்டுவிட்டு வேறு ஒருவனை எடுத்துக்கொண்டது. நீ கேம்ப்பிலிருந்து யாருடைய போனையோ வாங்கிப் பேசினாய். "நீங்க போனீங்கல்லம்மா?" என்றாய். அது ஐந்தாவது தடவை. அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஒரு முதல் வெள்ளி விடலை" என்றேன். நீ, "சரிம்மா, ஓசியில வந்தது, அப்படியே போயிடுச்சு. நீங்க மனசு வருத்தப்படாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாய். வெப்சைட்டின் ஒரு படியைப் போட்டு வீட்டு பீரோவில் நீ வைத்துவிட்டுப் போன ஃப்ளாப்பியும் மழைக்காலத்தில் பூசணம் பிடித்து வீணாகியிருந்தது. அதன் பிறகு நீ எந்த வெப்சைட்டும் செய்யவில்லை. அதே கிடங்கில் எண்ணிக்கொண்டிருந்தவன், எண்ணுகிறவர்களுக்கு மேலாளாக ஆனாய். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது நீ ஆசைப்பட்டது இல்லை. உன் ஆசையைக் கெடுத்தவர் யார் என்பதிலும் உன்னை ஏமாற்றி வைத்திருந்தேன்.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். நீ வேண்டாம் என்றாலும் ஜெசிந்தா, பார்ப்பதில் என்ன தப்பு என்று திங்கட்கிழமை லேப்டாப்பைத் திறந்தாள். விதிகளையெல்லாம் வாசித்துப் பார்க்க என்னைக் கூட உட்காரச் சொன்னாள். மூன்று இடங்கள் பார்த்தோம். முதல் இடம் தாராளமாகத் தந்தார்கள், ஆனால் பக்கத்துக்கு மேலே அவர்கள் விளம்பரம் ஓடும். மாதிரிக்கு அவள் தன் பிளம் கேக் படத்தைப் போட்டாள், அதன் தலைமேல் உடல் மெலிய மருந்து என்று ஒரு விளம்பரம் வந்து நின்றது. "அத்தை, இது நம்ம வாடிக்கையாளர துரத்துறதுக்குன்னே வருது" என்று சிரித்தாள். இரண்டாவது இடத்தில் விளம்பரம் இல்லை. ஆனால் பின்னால் வேறு இடத்துக்கு மாற நினைத்தால் போட்டு வைத்ததை எடுத்துப் போக முடியாது, எல்லாம் அங்கேயே தங்கிவிடும். மூன்றாவது சிறிய இடம், இருபது முப்பது படத்துக்கு மேல் கொள்ளாது. ஆனால் விளம்பரம் இல்லை, வேண்டும்போது எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்துப் போகலாம், பின்னால் சொந்தப் பெயரில் முகவரி வாங்கினால் இதோடு சேர்த்துக்கொள்ளவும் முடியும். ஆரம்பிக்கிறவளுக்கு அது போதும் என்று எனக்குத் தோன்றியது. ஜெசிந்தா அதன் விதிகளை இங்கிலீஷில் உரக்க வாசித்தாள், நான் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே வந்தேன். இந்தப் புத்தி போகவில்லை, பார். பதினோராவது விதி. தொண்ணூறு நாள் உரிமையாளர் உள்ளே வராவிட்டால் இடம் நீக்கப்படும்.

நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன். அவள் கவனிக்கவில்லை. "இது பரவால்ல அத்தை. மாசம் ஒருதடவ உள்ள போய்ட்டு வந்தா முடிஞ்சுது. இதுகூட ஒருத்தரால முடியாதா?" என்றாள்.

எழுந்து என் அறைக்குப் போய்ப் பூசைப் புத்தகத்தை எடுத்தேன். அந்த உறை அதற்குள்தான் இருந்தது, பதின்மூன்று வருடமாக. தூக்கிப் போடவும் துணிவில்லை, பிரிக்கவும் துணிவில்லை. அன்று பிரித்தேன். உன் கோணல் கையெழுத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதியிருந்தாய். மவுசைத் தூக்காமல் மேசைமேல் வைத்தே நகர்த்த வேண்டும் என்பதுகூட இருந்தது. அதற்குக் கீழே தனியாக நான்கு வரி. அதை இங்கே அப்படியே எழுதுகிறேன், நீ மறந்திருப்பாய்.

"அம்மா, முன்னாள் மாணவியிடம் போய்க் கேட்டுக்கொண்டு உட்காருவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். கஷ்டமாக இருந்தால் உள்ளே போகவே வேண்டாம். இந்தக் கவரை வாசலிலேயே ரஹ்மத்திடம் கொடுத்துவிட்டுப் பூசைக்குப் போங்கள். அவளிடம் சொல்லியிருக்கிறேன், மாதாமாதம் அவளே பார்த்துக்கொள்வாள்."

என் கர்வம் உனக்குத் தெரிந்திருந்தது. அதைத் திட்டாமல், அது நடந்து போவதற்கு ஒரு வழியும் போட்டு வைத்திருந்தாய். படியேறக்கூட வேண்டாம், கையை நீட்டினால் போதும். கவர் கொண்டாந்தீங்களா என்று அந்தப் பெண் கேட்டது கேலியே இல்லை. நீ ஒப்படைத்த வேலையைச் செய்வதற்குத்தான் ஒவ்வொரு மாதமும் படிக்கு வந்து நின்றிருக்கிறாள். நான் அவள் பக்கம் குடையைச் சாய்த்தேன்.

ஜெசிந்தாவிடம் அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "நான் அவருகிட்ட சொல்ல மாட்டேன் அத்தை. நீங்களே சொல்லணும்" என்றாள். போனில் சொன்னால் நீ முதல் வாக்கியத்திலேயே பரவாயில்லை என்று சொல்லி என்னைத் தப்பவிட்டுவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பரவாயில்லை என்று சொல்லாதே. கோபப்படு. உனக்கு எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டுமோ அத்தனை நாள் இரு. ஆனால் உன் மனைவியிடம் ஓசி இடம் வேண்டாம் என்று சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள். அவள் உன் சொல்லைத் தாண்ட மாட்டாள், அந்த மூன்றாவது இடத்தில் பெயர் பதியாமல் உன் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறாள். நீ சொன்ன அந்தச் சொல் என் பொய்யிலிருந்து வந்தது. என் பொய் உன் பிழைப்பைக் கெடுத்தது போதும், அவளுடையதையும் கெடுக்க வேண்டாம். இடம் கொடுப்பவர்கள் தங்கள் விதியை எழுதித்தான் வைக்கிறார்கள். அதை முழுக்க வாசிக்க வேண்டும், போட்டதற்கெல்லாம் வீட்டில் ஒரு படி வைத்துக்கொள்ள வேண்டும், பாஸ்வேர்டு என்கிற சாவியை அவளே வைத்துக்கொள்ள வேண்டும். கேட்கக் கூச்சப்படுகிறவர்களிடம் சாவியைக் கொடுக்கக் கூடாது. பெற்ற தாயாக இருந்தாலும்.

நேற்று முதல் வெள்ளி. பூசை முடிந்து ரஹ்மத்தின் கடைக்குப் போனேன். இப்போது ஜெராக்ஸும் டிக்கெட் பதிவும்தான் நடக்கிறது, அதே படிதான். உறையை நீட்டினேன். "கொண்டாந்திருக்கேன்" என்றேன். அவள் வாங்கி உன் கையெழுத்தைப் பார்த்தாள். சட்டென்று புரிந்துவிட்டது அவளுக்கு.

"அருள் லீவுல வந்தப்ப என்னைக் கேட்டாரு டீச்சர், அம்மா மாசாமாசம் வந்தாங்களான்னு" என்றாள்.

"நீ என்ன சொன்னே?"

"வந்தாங்கன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? எங்க டீச்சரை நான் விட்டுக்குடுக்க முடியுமா?"

அவளே பேச்சை மாற்றிச் சிரிக்கப் பார்த்தாள். "பதிமூணு வருஷம் லேட்டு டீச்சர். ஒரு நிமிஷம் லேட்டுக்கே நீங்க என்ன செய்வீங்க?"

"வெளிய நிக்க வைப்பேன்" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பி, படி இறங்கி, தெருவோரம் போய் நின்றேன்.

"ஐயோ டீச்சர், சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், உள்ள வாங்க! வெயில் அடிக்குது!" என்று பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஒரு பீரியட் ஆகட்டும், ரஹ்மத். நீ போய் வேலையைப் பாரு" என்றேன்.

அவள் போகவில்லை. வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் குடையை விரிக்கவில்லை. பூசை முடிந்து அன்னையர் சங்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் அந்த வழியாக வந்தார்கள். நான் இலவசத்தைப் பற்றிப் புத்தி சொன்ன அதே பெண்கள்தான். "என்ன டீச்சர், இங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க?" என்று கேட்டார்கள்.

"லேட்டா வந்தேன்" என்றேன்.

உன் அம்மா